வருந்தி அழைத்தல்

லூக்காவின் சுவிசேஷத்தில் ஒரு விருந்துக் கதை வருகிறது. பெரிய மனிதன் ஒருவன் இரா விருந்துக்கு ஏற்பாடு செய்து பலருக்கும் சொல்லி அனுப்புகிறான். இலை போடுகிற நேரத்தில் ஒவ்வொருவராகச் சாக்குச் சொல்கிறார்கள். ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், போய்ப் பார்க்க வேண்டுமாம். இன்னொருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறான், பூட்டிப் பார்க்க வேண்டுமாம். மூன்றாமவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. (அவன் சொன்ன சாக்கு மட்டும் நியாயமானது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.) வீட்டுக்காரனுக்குக் கோபம் வருகிறது. தெருவில் கிடக்கிற ஏழைகளையும் ஊனர்களையும் குருடர்களையும் கூட்டிவரச் சொல்கிறான். அப்படியும் பந்தியில் இடம் மிச்சமிருக்கிறது. பெருவழிக்கும் வேலியோரத்துக்கும் போய், கண்ணில் பட்டவர்களை உள்ளே கொண்டுவா என்று வேலைக்காரனை மறுபடியும் அனுப்புகிறான்.

எப்படிக் கொண்டுவருவது? இங்கேதான் வம்பு. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கட்டாயப்படுத்துவது என்பதே நேர்ப்பொருள். 1611-ல் வந்த ஆங்கில பைபிளும் 'கம்பெல்' என்றே எழுதியது. இந்த ஒரு சொல் உலகத்தில் செய்துவிட்ட காரியம் கொஞ்சமல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினர் திருச்சபையிலிருந்து விலகி நின்றார்கள். அவர்களை அரசாங்க அதிகாரத்தைக் கொண்டு உள்ளே இழுத்து வருவது சரிதான் என்று வாதாடிய அகுஸ்தீன், துணைக்கு எடுத்துக்கொண்டது இந்த விருந்துக் கதையைத்தான். தன் ஆத்மா தெய்வத்தைத் தேடி அலைந்த கதையை அவ்வளவு உருக்கமாக எழுதிய அதே மனிதர்! வற்புறுத்தலினால் வருகிறவன் விருந்தாளியா, கைதியா என்ற கேள்வி அவருக்கு எழாமலிருந்திருக்காது. எழுந்தும் அவர் அப்படித்தான் எழுதினார்.

நம் தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வரும் பழைய பைபிளில் அந்த இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'வருந்தி' என்று இருக்கிறது. வருந்தி அழைத்து வரச் சொல்கிறான் எஜமானன். யார் செய்த வேலையோ தெரியாது, வேதத்தைத் தமிழாக்கிய குழுவில் யாரோ ஒருவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது. கட்டாயப்படுத்துவது என்றால் அழைக்கப்படுகிறவனுக்குக் கஷ்டம். வருந்தி அழைப்பது என்றால் கஷ்டம் அழைக்கிறவனுக்கு. ஒரே சொல்லில் பாரம் தோள் மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பாக இது சரியா என்று பண்டிதர்கள் விவாதிக்கட்டும். கதையாக இதுதான் சரி என்பது என் கட்சி.

தெய்வத்தின் அன்பு ஓர் அழைப்பு, விலை கேட்காத அழைப்பு, வேண்டாம் என்று சொல்ல இடம் விட்டு வைக்கிற அழைப்பு என்பது கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நிலையான எண்ணங்களில் ஒன்று. இந்த எண்ணம் தமிழில் இலக்கியமாக என்ன ஆயிற்று என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். சமயவாதம் எனக்குத் தொழிலல்ல. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்கறை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதனை இந்த நூல்கள் நம் கண்முன் நிறுத்துகின்றனவா?

விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. பீங்கான் பொம்மைக்குப் பேர்போன அந்தப் பிரதேசத்தில் மணிமுத்தாற்றங்கரையில் நல்லூர் என்று ஓர் ஊர். கோமுகி நதி வந்து கலக்கிற இடத்தில் வில்வவனேசுவரர் கோயில் இருக்கிறது. ஆற்றோடு இறங்கினால் விருத்தாசலத்தில் பழமலைநாதரும் பெரியநாயகியும். அங்கே உயிர் விடுகிற ஜீவன்களை அம்பிகை மடியில் கிடத்தி முந்தானையால் விசிறுவாள், சுவாமி காதில் மந்திரம் ஓதுவார் என்பது ஸ்தலபுராணம். குரு நமசிவாயர் பசியோடு வந்து அம்மனைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டாராம். கிழவியானால் சோறு எப்படிக் கொண்டு வருவாள் என்று கேட்டு, இளமையாகப் பாடச் சொல்லி, பாலாம்பிகையாக வந்து அன்னம் இட்டாளாம். அன்பு தானாகவே எதிரே வந்து சோறு போடும் என்பது கிறிஸ்தவம் கொண்டுவந்த புதுச் சமாசாரம் ஒன்றுமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்த மண்ணுக்கு அது முன்பே பழக்கம்.

இதே வட்டாரத்தில் அன்பின் இன்னொரு முகமும் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. சுந்தரர் கல்யாணப் பந்தலில் கிழப் பிராமணர் ஒருவர் ஆளோலையோடு வந்து நின்று, நீ எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். சுந்தரர் ஓலையைக் கிழித்துப் போடுகிறார். மூல ஓலை வெளியே வருகிறது. சபையில் தோற்று, அந்த வயோதிகர் பின்னால் போக வேண்டியதாகிறது. இது அழைப்பே அல்ல, உரிமை கொண்டாடல். நீ ஏற்கெனவே என்னுடையவன், மறந்துவிட்டாய், அவ்வளவுதான் என்கிறது சைவம். தடுத்தாட்கொள்ளுதல் என்று அதற்கு அழகான பெயரும் கொடுத்திருக்கிறது. பெரியபுராணத்தில் அந்தக் காட்சி வெற்றி பெறுவதற்குக் காரணம், சுந்தரர் முழுமூச்சோடு எதிர்ப்பதுதான். திட்டுகிறார், ஓலையைப் பிடுங்குகிறார், வழக்காடுகிறார். சேக்கிழார் அவருக்கு மறுக்கிற சுதந்தரத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பிறகுதான் பறிக்கிறார்.

முகாசாபரூரை அடுத்த கோணான்குப்பத்தில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. வீரமாமுனிவர் கட்டியது. அங்கே எழுந்தருளியிருக்கும் மரியாளுக்கும் பெரியநாயகி என்றே பெயர். விருத்தாசலத்து அம்மனின் பெயரைத்தான் முனிவர் வைத்தார் என்று ஊரில் சொல்வதுண்டு. தமிழ்ப் பெண்ணைப்போல் சேலை உடுத்திய மாதா. இத்தாலியில் காஸ்திக்லியோனே என்ற ஊரில் 1680-ல் பிறந்து, 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்த ஒரு ஜேசு சபைத் துறவி, தன் சமயத்தின் தாய்க்கு, உள்ளூர்ச் சனங்களின் நாவில் ஏற்கெனவே இருந்த பெயரை வைக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு விதமாக அர்த்தம் செய்யலாம். வருகிறவன் தலை இடிக்காமல் நுழையட்டும் என்று வாசலை அவன் உயரத்துக்குக் கட்டினார் என்று சொல்லலாம். தூண்டிலில் நல்ல புழுவாகப் பார்த்துக் கோத்தார் என்றும் சொல்லலாம். இரண்டாவது அர்த்தம் செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதில்லை. கோணான்குப்பத்து மாதாவைக் கும்பிடுகிறவனுக்கு விருத்தாசலத்து அம்மன் அந்நியமாகப் போய்விடுவதில்லை. தூண்டில் போட்டவரின் கையிலும் முள் கொஞ்சம் குத்தியிருக்கிறது.

தேம்பாவணியில் அது நன்றாகத் தெரிகிறது. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டு. 1726-ல் எழுதி முடித்தார். யூதேயா நாட்டை வருணிக்க ஆரம்பித்தவர், காவிரிக்கரை மருத நிலத்தை அப்படியே அங்கே கொண்டு போய் விரித்துவிடுகிறார். எருசலேம் நகரம் நம் காவிய நகரங்களின் சாயலில் எழுகிறது. இதைக் குறையாகச் சொல்லும் விமரிசகர்கள் உண்டு. எனக்கு இது உபசாரமாகப் படுகிறது. வந்தவனை முதலில் அவனுக்குத் தெரிந்த திண்ணையில் உட்கார வைக்கிறார்.

கதாநாயகனைத் தேர்ந்தெடுத்த விதத்தைத்தான் நான் இன்னும் விசேஷமாகச் சொல்வேன். காவியத்துக்குத் தலைவன் கிறிஸ்து அல்ல, வளன் என்று அவர் தமிழ்ப்படுத்திய சூசையப்பர். நான்கு சுவிசேஷங்களிலும் சூசையப்பர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. கனவில் செய்தி வருகிறது, எழுந்து சொன்னபடி செய்கிறார், அவ்வளவுதான். மரியாளாவது தேவதூதனிடம் கேள்வி கேட்டு, பிறகு சம்மதம் சொல்கிறாள். அவள் பதிலுக்காக வானமும் பூமியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெர்னார்ட் என்ற துறவி ஒரு பிரசங்கத்தில் கற்பனை செய்தார். கடவுளே ஒரு கிராமத்துப் பெண்ணின் 'சரி'க்காகக் காத்து நிற்கிறார் என்பது எவ்வளவு பெரிய எண்ணம்! சூசையப்பர் விஷயத்தில் அந்தச் 'சரி'கூட மௌனமாக இருக்கிறது. பேசாத மனிதனைத் தலைவனாக்கி 3615 பாட்டுப் பாடுவது லேசான காரியமல்ல.

ஆனால் மௌனத்தை முனிவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தமிழ்க் காவிய மரபும் தாங்காது. வளன் பேசுகிறான், உபதேசிக்கிறான், கிளைக்கதைகள் சொல்கிறான், எகிப்தில் போய் வாதாடுகிறான். வாதம் வருகிற இடமெல்லாம் காவியம் கால் நொண்டுகிறது. எதிர்க்கட்சிக்காரன் தோற்பதற்கென்றே படைக்கப்பட்டவன் என்பது நமக்கு முதல் பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. மனைவி கருவுற்றிருப்பது தெரிந்து வளன் ஐயம் கொள்கிற இடம் மட்டும் அப்படியில்லை. அந்த ஐயத்துக்கு முனிவர் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். அங்கே வளன் புண்ணிய புருஷனாக இல்லாமல் தூக்கம் வராத கணவனாக இருக்கிறான். எழுந்து வெளியே போய்விடக்கூடியவனாக இருக்கிறான். காவியம் முழுவதிலும் அவன் உண்மையாகவே சுதந்தரமாக இருப்பது அந்தச் சில பாட்டுக்களில்தான். அதுபோல இன்னொரு இடம், கருணையன் என்று முனிவர் பெயரிட்ட ஸ்நாபக யோவான் காட்டில் தாயைப் பறிகொடுத்துவிட்டு அழுவது. மரமும் பறவையும் சேர்ந்து அழுகின்றன. பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு அது ஞாபகமிருக்கும். சமயம் எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்காமலே உள்ளே போய்விடுகிறோம்.

வலை, தூண்டில் என்று பேச ஆரம்பித்தோம். அதைக் கூச்சமில்லாமல் மேடையேற்றியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் சரபோஜியும் அதே பாதிரியாரின் மாணாக்கர்தான். சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில், குறவஞ்சிக்கு உரிய சரக்குகள் எல்லாம் உண்டு. பாட்டுடைத் தலைவர் இயேசு பவனி வருகிறார். தேவமோகினி என்ற சீயோன் குமாரி கண்டு மையல் கொள்கிறாள். குறி சொல்லும் குறத்தி விசுவாசச் சிங்கி. அவள் கணவன் ஞானச் சிங்கன், வலை போட்டுப் பறவை பிடிக்கிறவன். பறவைகள் ஆத்மாக்கள்.

ரசமான யோசனைதான். மீனவர்களைப் பார்த்து மனிதர்களைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்று இயேசு சொன்னதற்குக் குறவஞ்சியைவிடப் பொருத்தமான தமிழ் உருவம் கிடைக்காது. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. குறவஞ்சியில் காதல் எப்போதும் பெண்ணிடத்தில் தொடங்குகிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி உருகுகிறாள், நிலவைப் பழிக்கிறாள், குற்றாலநாதர் தம்பாட்டுக்குப் பவனி போகிறார். கிறிஸ்தவ சித்தாந்தத்திலோ முதலில் காதலிப்பவர் தலைவர். உருக வேண்டியவர் அவர். வீதி வீதியாகக் கதவு தட்ட வேண்டியவர் அவர். சாஸ்திரியார் குறவஞ்சியின் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டதால், அழைப்பு தலைவரிடமிருந்து நழுவிச் சிங்கன் சிங்கி கைக்கு வந்துவிடுகிறது. தலைவர் பவனி போகிறார், உபதேசியார் வலை விரிக்கிறார். சிங்கன் சிங்கி பேச்சில் உள்ள துள்ளல் தேவமோகினியின் விரகத்தில் இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வலையில் விழுகிற பறவைக்கு விழமாட்டேன் என்று சொல்ல வாய் கிடையாது. வேட்டைப் பாட்டாக அது பிரமாதம். அழைப்பாக அது பாதிதான்.

சாஸ்திரியாரைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் தீராது. 1820-களின் கடைசியில், புதிதாக வந்த மிஷனரிகள் கோயிலில் சாதி பார்த்து உட்காருவதை ஒழிக்க முற்பட்டபோது, அதைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். தேவனின் அன்பு எல்லோரையும் அழைக்கிறது என்று ஊரூராய்ப் போய்ப் பாடினவர், வந்தவர்கள் ஒரே பாயில் உட்காருவதற்குச் சம்மதிக்கவில்லை. பழைய பாதிரிமார்கள் மதித்த வழக்கத்தைப் புதியவர்கள் மிதிக்கிறார்கள் என்பது அவர் தரப்பு. அதில் ஒரு மானப் பிரச்னையும் இருந்திருக்கலாம். இருந்தாலும் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு இலையைத் தனித்தனி இடத்தில் போடுவது என்ன அழைப்பு? இது அவர் ஒருவரோடு நின்ற விஷயமுமல்ல. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கூடங்கள். ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மறு சாதிக்கு மறு பக்கம். பீடத்துக்கு முன்னால் மட்டும் இரண்டும் கூடும். நடுவிலிருந்த தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் போயிற்று. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வெளிவந்தபோது பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரீயான ஒரு தலித் பெண், மடத்தை விட்டு வெளியே வந்த கதை. அழைப்பை நம்பி உள்ளே போனவள், உள்ளே இருந்தவர்களைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வருகிறாள். விருந்துக் கதையில் லூக்கா எழுதாத பாத்திரம் இது. நம் கிறிஸ்தவக் காவியங்கள் அத்தனையும் படித்தவன் அந்தச் சிறு புத்தகத்தையும் படித்தே ஆக வேண்டும். எழுத்து கரடுமுரடாக இருக்கிறது என்பார்கள். பந்தியிலிருந்து எழுந்து வருகிறவள் சந்தம் பார்த்துக்கொண்டா பேசுவாள்?

கிருஷ்ண பிள்ளைக்கு வருவோம். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) திருநெல்வேலிச் சீமையில் வைஷ்ணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, 1858-ல் முப்பத்தோராவது வயதில் ஞானஸ்நானம் பெற்றவர். அவரை யாரும் வலை வீசிப் பிடிக்கவில்லை. படித்து, யோசித்து, தயங்கி, வந்தார். குடும்பத்திலும் உறவிலும் அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமாக இருந்திருக்காது. இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் வெளிவந்தது. ஐந்து பருவம், 3766 பாட்டு. ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தைத் தழுவியது.

பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்தவர். சர்க்கார் அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். அவர் வசனத்தில் அந்தத் தெருவின் வாசனை அடிக்கும். அவருடைய பிரயாணி முதுகில் மூட்டையோடு வந்து தட்டுகிற வாசல் ரொம்பச் சின்ன வாசல். தட்டினால் திறக்கிறது. நீ யார், எந்தக் குலம், என்ன கொண்டு வந்தாய் என்ற விசாரணை வாசலில் தடையாக நிற்பதில்லை. கிருஷ்ண பிள்ளையின் கையில் அந்தச் சின்ன வாசல் கோபுர வாசலாகிவிட்டது. கம்பன் நடை, கம்பன் அணி, கம்பன் ஓட்டம். கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைப் புகழ்வார்கள். புகழ்ச்சிதான், ஆனால் அதிலேயே குறையும் அடங்கியிருக்கிறது. மூட்டை தூக்குகிற சாமானியன் கோபுர வாசலில் நுழையக் கூசுவான்.

இதற்கு ஈடாக அவர் ஒன்று செய்திருக்கிறார். பனியனிடத்தில் விரிவாக இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் காவியத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். சேவகர்கள் பரிகாசம் செய்கிறார்கள், துப்புகிறார்கள், அடிக்கிறார்கள். அவர் பேசாமல் நிற்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள் அழுகிறார்கள். இங்கே கம்பன் நடை தடையாக இல்லை. கவசம் பூண்ட வீரர்களுக்காகத் தயாரான நடை, அடி வாங்குகிறவனின் பொறுமையைச் சொல்லும்போது, நமக்கே எங்கோ தொண்டையை அடைக்கிறது. மகா பலமுள்ளவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்பது சந்தத்திலேயே கேட்கிறது. அழைப்பு என்று ஒரு வார்த்தை அந்த இடத்தில் தேவையில்லை. சொல்லப்போனால், காவியத்தின் மற்றப் பகுதிகளில் குணங்களும் துர்க்குணங்களும் மனித வேஷம் போட்டுக்கொண்டு வந்து நீளமாகப் பேசுவதைவிட, இந்த மௌனம் அதிகமாக அழைக்கிறது.

வேண்டாம் என்கிற மனிதன் எங்கே என்று கேட்டேனே, அவனைத் தேடி நாம் நாவலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 1880-ல் முடிந்த கரமஸாவ் சகோதரர்களில் தாஸ்தாயெவ்ஸ்கி ஒரு கதைக்குள் கதை வைத்தார். ஸெவில் நகரத்தில் கிறிஸ்து மறுபடியும் வருகிறார். தொண்ணூறு வயது விசாரணைத் தலைவர் அவரைப் பிடித்து அடைத்து, இரவில் வந்து குற்றம் சாட்டுகிறார். நீ மனிதர்களுக்குச் சுதந்தரம் கொடுத்தாய், அவர்களுக்கு வேண்டியது ரொட்டியும் அற்புதமும் அதிகாரமும், உன் தவற்றை நாங்கள் திருத்தி வைத்திருக்கிறோம் என்கிறார். கட்டாயத்தின் பக்கம் அதைவிட நன்றாக இதுவரை யாரும் வாதாடியதில்லை. தாஸ்தாயெவ்ஸ்கி வாதத்துக்குப் பதில் எழுதவில்லை. கைதி பேசாமல் எழுந்து கிழவரின் உலர்ந்த உதட்டில் முத்தமிடுகிறார். வீரமாமுனிவராயிருந்தால் அங்கே பதில் வாதமாக நூறு பாட்டாவது பாடியிருப்பார்.

இன்னொன்று லாகர்குவிஸ்டின் பரபாஸ். ஸ்வீடிஷ் மொழியில் 1950-ல் வந்தது. க. நா. சு. அதை 'அன்பு வழி' என்று மொழிபெயர்த்தார். இயேசுவுக்குப் பதிலாக விடுதலை செய்யப்பட்ட கொள்ளைக்காரனின் கதை. தனக்காக ஒருவன் செத்தான் என்பது அவனுக்கு எப்படியும் செரிக்கவில்லை. சுரங்கத்தில் அவனோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவன் நம்புகிறான், நம்பியதற்காகச் சிலுவையில் சாகிறான். இவன் நம்ப ஆசைப்படுகிறான், முடியவில்லை. கடைசியில் இவனும் சிலுவையில் தொங்கும்போது இருட்டைப் பார்த்துத் தன் உயிரை ஒப்படைக்கிறான். யாரிடம் ஒப்படைத்தான்? கிறிஸ்துவிடமா, வெறும் இருட்டிடமா? ஆசிரியர் சொல்லவில்லை. ஒரு கொள்ளைக்காரனுக்கு இவ்வளவு மரியாதை செய்த புத்தகம் அது. 'அன்பு வழி' என்ற தமிழ்ப் பெயர் கதையைவிடக் கொஞ்சம் நிச்சயமாக இருக்கிறது என்பது ஒன்றுதான் என் குறை.

தமிழ் நாவலின் முதல் ஆசிரியரும் கிறிஸ்தவர்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருந்தும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-ல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில் நீதி போதனைக்குக் குறைவில்லை. ஆனால் என் சமயத்துக்கு வா என்று வாசகனின் கையைப் பிடித்து இழுக்கிற காரியம் கிடையாது. அவர் கீர்த்தனைகளுக்கு வைத்த தலைப்பே சர்வ சமய சமரசம். ஜட்ஜியாக (அந்தக் காலத்து முன்சீப்பாக) இருந்து இரண்டு தரப்பையும் கேட்டுப் பழகியதால் வந்த குணமாக இருக்கலாம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) இன்னொரு மாதிரி. அதில் கிறிஸ்தவம் வீட்டு வாசல்படி மாதிரி இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. மிதித்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் போகிறார்கள்.

நம் காவியக்காரர்கள் விட்டுவிட்ட ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லவேண்டும். மாற்குவின் சுவிசேஷத்தில் ஒரு பணக்காரன் ஓடி வந்து, முழங்காலிட்டு, நித்திய ஜீவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். கற்பனைகளெல்லாம் சிறுவயது முதல் கைக்கொண்டிருக்கிறேன் என்கிறான். இயேசு அவனைப் பார்த்தார், பார்த்ததும் அவன்மேல் அன்பு வந்தது என்று மாற்கு எழுதுகிறார். உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு வா என்கிறார். அவனுக்கு நிறைய ஆஸ்தி. முகம் வாடிப் போய்விடுகிறான். இதில் என்னை எப்போதும் நிறுத்துகிற விஷயம், அவனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை என்பதுதான். சரி, பாதியை விற்றுவிட்டு வா என்று பேரம் பேசவில்லை. நரகம் என்று பயமுறுத்தவில்லை. அன்பு கொண்டவரே அவனைப் போக விட்டார். அந்த நடந்து போகிற முதுகை 3615 பாட்டும் எழுதவில்லை, 3766 பாட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தமிழில் கிறிஸ்தவ இலக்கியத்தின் கதையே வேறாக இருந்திருக்கும்.

'வருந்தி' என்ற அந்தச் சொல் பழைய தமிழ் பைபிளில் அடுத்த அதிகாரத்திலேயே இன்னொரு முறை வருகிறது. கெட்ட குமாரன் கதையில். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் வேறு வேறு சொல். இங்கே உள்ளது கெஞ்சிக் கேட்பது என்ற பொருள் உடையது. தமிழ்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. சொத்தை அழித்துவிட்டு இளையவன் திரும்பி வந்துவிட்டான். கொழுத்த கன்றை அடித்து விருந்து நடக்கிறது. வயலிலிருந்து வருகிற மூத்தவன் சத்தத்தைக் கேட்டு விவரம் தெரிந்துகொண்டு, உள்ளே போக மாட்டேன் என்று நிற்கிறான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைத்ததில்லை. தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறான். மகன் தன் மனத்தாங்கலையெல்லாம் கொட்டுகிறான். தகப்பன் பதில் சொல்கிறான். கதை அதோடு நின்றுவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை. உள்ளே ஆட்டமும் பாட்டும் கேட்கிறது. சமைத்து வைத்தது ஆறிக்கொண்டிருக்கிறது. தகப்பன் வெளியில் நிற்கிறான்.